சுருதி எத்தனை கட்டை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவனந்தபுரம் பக்கம் நடக்கவிருக்கும் கிளாரினெட் விழா பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். 'பொழுதுபோக்காக வாசிப்பவர்களும் கருவியோடு வரலாம், நிறைவு நாளில் கூட்டத்தோடு சேர்ந்து ஊதிவிட்டுப் போகலாம்' என்று அதில் ஒரு வரி. அழைப்புக்கு நன்றி. ஆனால் விறகடுப்பை ஊதுவதற்கே ஒரு பக்குவம் வேண்டியிருக்கிறது.

சாப்பாடு, தங்குமிடம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் கட்டுரையில் இருக்கின்றன. ஆதார ஸட்ஜம் எந்த உயரத்தில், அதாவது சுருதி எத்தனை கட்டை என்பது மட்டும் இல்லை. ஆர்மோனியக்காரர் கட்டையை மாற்றிக்கொள்வதுபோல நாங்களும் மாற்றிக்கொள்வோம் என்று நினைத்துவிட்டீர்கள் போலும். தங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

புல்லாங்குழலில் காற்றை அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் பேசும். கிளாரினெட் ஒருபக்கம் அடைத்த நேர்க்குழாய், அதனால் எட்டாவது ஸ்வரத்துக்குப் போகாமல் பன்னிரண்டாவதுக்குத் தாவும். இந்தத் தாவலுக்கு முன்னால் நடுவில் சில ஸ்வரங்கள் குட்டைக் குழாயில் நலிந்துதான் பேசும். அதைத் தாண்டும் இடத்தைத்தான் வாசிப்பவர்கள் 'பிரேக்' என்பார்கள். ஒரு விரலில் நிற்கும் ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போக, இடது பெருவிரல் தொடங்கி வலது சுண்டுவிரல் வரை எல்லாம் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஒரு விரல் கால் வினாடி தாமதித்தாலும் கீச்சென்று கத்தும்.

நம் ஊரில் பரவலாக இருக்கும் பி-ஃப்ளாட் கிளாரினெட்டில் 2 கட்டை வைத்தால் இந்த பிரேக் சரியாக மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் வந்து உட்காரும். கல்யாணி ராகத்தின் பிரதி மத்தியமம்தான் கருவியிலேயே மெலிந்த ஸ்வரமாகிவிடும். 1 கட்டை என்றால் பிரேக் நகர்ந்து பஞ்சமத்துக்கும் சதுச்ருதி தைவதத்துக்கும் இடையில் போய்விடும். அப்போது மாயாமாளவகௌளை ராகத்தின் சுத்த தைவதம் மெலியும், கீழ் ஸ்தாயியின் மந்தர ஸட்ஜம் கருவியிலேயே கிடையாது. ஆக, எத்தனை கட்டை என்று தெரிந்த பிறகுதான் எந்தக் கீர்த்தனையை எந்த விரலில் பழகுவது என்ற பேச்சே. தொழில்முறைக் கலைஞர் அன்று காலையில் தெரிந்துகொண்டாலும் சமாளிப்பார். முப்பது வருடமாக மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்கு இரண்டு வாரமாவது வேண்டும்.

அரங்கம் குளிரூட்டப்பட்டது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ரசிகர்களுக்கு அது சுகம். வெளியே 32 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால், ஊதாமல் மடியில் கிடக்கும் கருவி அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். மின்சாரச் சுருதிப் பெட்டி இறங்காது. சுருதி ஏறினால் ஊதுவாய்க்கு அடுத்த பேரல் என்ற சிறு துண்டை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்துச் சரிசெய்யலாம், இறங்கினால் உள்ளே தள்ள இடமில்லை. பையில் 64 மில்லிமீட்டர் குட்டைப் பேரல் ஒன்று வைத்திருப்பவர் தப்பிப்பார். மற்றவர்கள் சாவிகளை மூடிக்கொண்டு சத்தம் வராமல் வெதுவெதுப்பாக ஊதி ஊதித்தான் கருவியை ஏற்ற வேண்டும். அதற்கு மேடைக்குப் பக்கத்தில் ஓர் அறையும் இருபது நிமிடமும் வேண்டும். ஊதிய ஈரம் குளிரில் நீராகித் துளைகளில் நிற்கும், கொடகொடவென்று பேசும். சிகரெட் தாளைச் சாவியின் அட்டைக்கடியில் வைத்து ஒற்றி எடுக்காமல் வாசிக்க முடியாது. (விழா வளாகத்தில் சிகரெட் தாளோடு அலைந்தால் காவலர் என்ன நினைப்பாரோ!) கருங்காலி போன்ற அந்த ஆப்பிரிக்க மரம் வெப்பம் திடீரென்று மாறினால் வெடிக்கும். வெடிப்பு பெரும்பாலும் மேல் துண்டில்தான் விழும். அந்தச் செலவைக் 'கூட்டத்தோடு ஊதிவிட்டுப் போன' எவரும் ஏற்கப்போவதில்லை.

கோபம் இந்த ஒரு வரியால் மட்டும் வந்ததல்ல. சில மாதங்களுக்கு முன் 'இந்த மேல்நாட்டு வாத்தியத்தில் கமகம் வராது' என்று எழுதினீர்கள். கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் அவர்களுக்கு மியூசிக் அகாதெமி 2008-இல் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது கமகம் என்ற ஸ்வரக் குழைவு வராமலா? ஆல்பர்ட் முறை என்ற பழைய அமைப்புக் கருவியில் துளைகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும், விரலைப் பாதி வழுக்கி, கீழுதட்டைத் தளர்த்தினால் ஸ்வரம் குழைந்து இறங்கும். இப்போது கடையில் கிடைக்கும் போம் முறைக் கருவியில் துளையைச் சுற்றி வளையம் உண்டு. விரல் வழுக்கினால் வளையத்தோடு வேறொரு சாவியும் அசைந்துவிடும். குறை கருவியின் அமைப்பில். அதை வாத்தியத்தின் தலையில் கட்டினால் எப்படி?

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்துப் பேண்டு செட்டுகளைப் பற்றி இதுவரை ஒரு பத்தி வந்ததுண்டா? தேர்ப்பவனியில் வெயிலில் நடந்துகொண்டே மூன்று மணி நேரம் வாசிக்கிறார்களே, அவர்களைக் கேட்டால் ஊதுவாயில் கட்டும் நாணல் தகடான ரீட்டின் எண் இரண்டரையா மூன்றா என்பதையும், மழைக்காலத்தில் தக்கை ஊறி இணைப்பு இறுகினால் என்ன செய்வது என்பதையும் சொல்வார்கள். 2024-இல் டப்ளினில் நடந்த சர்வதேச விழாவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய தாங்கள் குழித்துறையிலிருந்து பஸ் ஏறும் தூரத்துக்கு வரவில்லை.

கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் விழா அறிவிப்பு வரும்போது, சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சிக்கு எத்தனை கட்டை, என்னென்ன உருப்படிகள், கருவியைச் சூடேற்ற அறை உண்டா என்று ஒரே ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
குழித்துறை.

பி.கு.: கட்டுரையோடு வந்த படத்தில் அந்தத் தம்பி வலக்கையை மேலே வைத்திருக்கிறார், ரீட் மேலுதட்டுப் பக்கம் இருக்கிறது. இடக்கை மேலே, ரீட் கீழே. அடுத்த முறை படமெடுக்கும்போது சொல்லிவிடுங்கள்.