ஆறு வாரம் இரவல் கை

பள்ளத்தூரில் எங்கள் தெருக்காரர்களுக்கும், காரைக்குடியில் அந்த நெசவாளர் வீட்டாருக்கும், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் நான் உதவி வாங்கிக்கொண்ட இன்னும் சிலருக்கும் வணக்கம்.

வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. போன வாரம் இரண்டு வீடுகளுக்குப் போனேன். இரண்டு இடத்திலும் காப்பியைக் கையில் கொடுத்து, "கை எப்படி இருக்கு ஆச்சி?" என்று ஆரம்பித்து என் கதையையே கேட்டார்களே தவிர, சொல்லப்போனதைச் சொல்ல விடவில்லை. எழுத்தில் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாதில்லையா, அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்து இன்னும் கோழி கிளறியது போலத்தான் வருகிறது. நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் தட்டச்சு செய்கிறாள்.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் அடைமழை பெய்ததே, அதில் இரண்டாம் நாள். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் நடு முற்றமான வளவுக்குள் இறங்குகிற மாதிரி கட்டிய வீடு எங்களது. முதல் மழையில் ஓடு கழுவுப்பட விட்டுவிட்டு, அடுத்த மழையை அண்டாவில் பிடிப்பது பழக்கம். அண்டா கொஞ்சம் தள்ளி இருந்தது. நகர்த்தப் போனேன். கருங்கல்லில் பாசி. வலது கையை ஊன்றி விழுந்தேன், மணிக்கட்டு போய்விட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார்கள்.

முதல் நன்றி, நான் போட்ட சத்தம் கேட்டு ஓடி வந்த பால்காரத் தம்பிக்கு. பால் கேனை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்தார். ஆட்டோ பிடித்து, மருத்துவமனையில் படம் எடுக்கிறவரைக்கும் கூடவே நின்றார். அன்றைக்கு அவர் வாடிக்கை வீடுகளில் எல்லாம் பத்து மணிக்குத்தான் காப்பி குடித்திருப்பார்கள். அந்த வீட்டாருக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

மகன் டொராண்டோவில் இருக்கிறான். அங்கே நவம்பர் முதல் ஞாயிறோடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிடுகிறார்கள். அதற்கப்புறம் நமக்கும் அவனுக்கும் பத்தரை மணி வித்தியாசம். எனக்குக் காலை ஆறு, அவனுக்கு முதல் நாள் இரவு ஏழரை. அந்த நேரத்துக்குத்தான் பேசுவோம். கட்டைப் பார்த்ததும், "கிளம்பி வரட்டுமா ஆத்தா?" என்றான். வரவேண்டாம் என்றேன். மகமிண்டிக்கு அப்போது ஏழு மாதம். (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பேச்சில் மகமிண்டி என்றால் மருமகள்.) எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பர்மாவுக்குக் கொண்டுவிற்க (வியாபாரத்துக்கு) போனால் மூன்று வருஷக் கணக்கு. அப்பத்தா அதையே தாங்கிக்கொண்டு இருந்தவள். எனக்குத் தினமும் முகம் தெரிகிறது. அதைச் சொல்லித்தான் அவனைச் சமாதானப்படுத்தினேன். போனை வைத்த பிறகு என்னைச் சமாதானப்படுத்த எதிர்வீட்டு ஆச்சி வெண்டைக்காய் மண்டியோடு (அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற புளிக்குழம்பு) வந்தாள். இடது கையால் மண்டி பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள், வேறு கவலையெல்லாம் மறந்துபோகும்.

இனித் தோட்டத்துக்கு வருகிறேன். வீட்டுக் கடைசிக் கட்டான கட்டுத்துறைக்குப் பின்னால் இருக்கிற மூன்று சென்ட் இடம்தான். நம் செம்மண் சங்கதி உங்களுக்குத் தெரியும், வெயிலில் கல்லாகும், மழையில் களிம்பாகும். ஆடியில் ஊன்றிய அவரை அப்போதுதான் பந்தல் ஏறிப் பூத்திருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம், நிற்கிற தண்ணீரை வெட்டிவிடத்தான் ஆள் வேண்டும். மூன்றாம் நாள் காலையில் சன்னல் வழியாகப் பார்த்தால், பூக்கார அக்காவின் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வாய்க்கால் போட்டுக்கொண்டிருக்கிறார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கத்தரிப் பாத்தியில் ஒரு செடி அழுகவில்லை.

மழை விட்டதும் அவரைக் கொழுந்தில் கறுப்பாக அசுவினி அப்பிக்கொண்டது. வழக்கமாக அடுப்புச் சாம்பலைத் தூவுவேன். இப்போது அடுப்பு ஏது, சாம்பல் ஏது? பள்ளிக்கூட டீச்சர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அதோடு கொஞ்சம் சோப்புக் கரைசல் என்று அளந்து கலக்கி, வாரம் ஒரு முறை சாயங்காலம் வந்து, இலைக்கு அடிப்பக்கம் பார்த்து அடித்தார். இலைக்கு மேலே அடித்துவிட்டுப் போகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். டீச்சர் இலையைத் திருப்பினார். அதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

இந்த மடலின் பெரிய கடன் போர்வைக் கடன். வரப்போகிற பிள்ளைக்கு ஒரு குரோஷா போர்வை பின்னிக்கொண்டிருந்தேன். ஆறங்குலச் சதுரம் 48. எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு. எங்கள் பட்டாலைக் கூடத்துத் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லில் நடுவே எட்டிதழ்ப் பூ ஒன்று உண்டு, அந்தப் பூவே ஒவ்வொரு சதுரத்திலும். இந்தத் தரையில் தவழ வேண்டிய பிள்ளை அங்கே பிறக்கப் போகிறதே, தரையையாவது அனுப்புவோம் என்று ஒரு கிறுக்கு.

உல்லன் வேண்டாம், பருத்தியாக இருக்கட்டும் என்று காரைக்குடியில் கண்டாங்கி நெய்கிறவர்கள் வீட்டில் மிச்சமிருந்த சாய நூலைச் சிட்டம் சிட்டமாக (கட்டுக் கட்டாக) கேட்டு வாங்கியிருந்தேன். அரக்கு, மஞ்சள், கறுப்பு. அந்த வீட்டு அம்மா, "புவிசார் குறியீடு வாங்கின சேலை நூலு, அதுல போர்வையா?" என்று கேலி பண்ணினார். 2019-இல் குறியீடு கிடைத்ததை இன்றைக்கும் வீட்டுக் கல்யாணம் மாதிரித்தான் சொல்கிறார். சேலை நூல் குரோஷா ஊசிக்கு ரொம்ப மெல்லிசு, எட்டு இழை சேர்த்தால்தான் பிடிப்பு வரும். விழுவதற்கு முன் 29 சதுரம் முடித்திருந்தேன். மீதிக்கு நூல் சிட்டமாகவே கிடந்தது. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு சிட்டத்தைப் பிரிக்கிற அவஸ்தையை எதிரிக்கும் சொல்லமாட்டேன்.

கேலி பண்ணிய அதே அம்மா விஷயம் கேள்விப்பட்டு, நூலைத் திரும்ப வாங்கிப் போனார். அரக்கைச் சாயம் போகாமலிருக்க இரண்டு தண்ணீர் அலசி, ராட்டையில் எட்டிழையாகச் சேர்த்துச் சுற்றி, பஸ்ஸில் கொடுத்துவிட்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. அவர் மருமகள் மூன்று சதுரம் பின்னியும் வைத்திருந்தாள். எதிர்வீட்டு ஆச்சி ஏழு. இதைத் தட்டச்சு செய்கிற பெண், அதுவரை ஊசியே பிடிக்காதவள், சங்கிலிப் பின்னலிலிருந்து என்னிடம் கற்றுக்கொண்டு ஒன்பது. ஆகப் பத்தொன்பது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எதிர்வீட்டு ஆச்சி நூலை இழுத்துப் பிடிக்கிற கை. அவள் சதுரம் எல்லாம் ஐந்தரை அங்குலம், தட்டினால் சத்தம் வரும். இந்தப் பெண்ணின் சதுரம் ஆறரை, கொசுவலை மாதிரி. (இதை அடிக்கமாட்டேன் என்கிறாள். அடி என்கிறேன்.) அடுக்கி வைத்துப் பார்த்தால் போர்வைக்கு நடுவே இடுப்பு ஒடுங்கி இருந்தது. சின்னச் சதுரங்களைச் சுற்றி ஒரு வரிசை கூடுதலாக ஓட்டி, பெரியதில் கடைசி வரிசையைப் பிரித்து, ஒருவழியாக இணைத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் பின்னினேன். எனக்கு இவ்வளவு வாய் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாக ஆச்சி சொல்கிறாள். நாற்பது வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறாள், என்னத்தைச் சொல்ல.

பார்சலில் நாலு அவரை விதையும் ஒரு பொட்டலம் நம் மண்ணும் வைத்திருந்தேன். கூரியர் கடைத் தம்பி பிரித்துப் பார்த்து, "ஆச்சி, விதையும் மண்ணும் அங்கே விடமாட்டாங்க, இதனால போர்வையும் சேர்ந்து நின்னுபோகும்" என்று எடுத்துக் கையில் கொடுத்தார். அப்போது கோபம்தான் வந்தது. இப்போது நன்றி சொல்கிறேன்.

பிள்ளையார் நோன்புக்குக் கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாளிலிருந்து 21 நாள், நாளுக்கு ஓர் இழை என்று புது வேட்டியிலிருந்து உருவ வேண்டும். இடது கையால் உருவினால் பாதியில் அறுந்தது. தன் வீட்டு இழையை உருவி வைத்துவிட்டு, அதே கையோடு எதிர்வீட்டு ஆச்சி இங்கே வந்து எனக்கும் உருவித் தந்தாள், ஒரு நாள் தப்பாமல். நோன்புக்கு இரண்டு நாள் முன்னால்தான் கட்டுப் பிரித்தார்கள். கை வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப்போயிருந்தது. அந்த இழைகளைத் திரியாக வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதுதான் இழை எடுப்பது; அதற்கான மாவுப் பிள்ளையாரை நான்தான் பிடித்தேன். பிள்ளையார் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தார், பொறுத்துக்கொண்டார்.

நோன்பன்றைக்கு நமக்குச் சாயங்காலம் ஏழு, டொராண்டோவில் காலை எட்டரை. மகனும் மகமிண்டியும் அங்கே ஒரு புது வேட்டியில் இழை உருவி வைத்திருந்தார்கள். புகை பட்டால் அலறுகிற கருவி ஒன்று மேலே இருக்கிறதாம். அதற்குப் பயந்து, அந்தக் குளிரில் சன்னலைத் திறந்து வைத்து, கம்பளிச் சட்டையோடு நின்று இழை எடுத்தார்கள். மகமிண்டி இரண்டு இழை எடுத்துக்கொண்டாள். ஒன்று அவளுக்கு, ஒன்று வயிற்றில் இருந்தவனுக்கு. போனைப் பிடித்திருந்த பால்காரத் தம்பி கை ஆடாமல் பிடித்திருந்தார், எனக்குத்தான் சரியாகத் தெரியவில்லை.

தை பிறந்து பத்தாம் நாள் பேரன் பிறந்தான். போர்வை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் அவனைக் கிடத்திப் படம் அனுப்பியிருக்கிறார்கள். தலை எதிர்வீட்டு ஆச்சியின் சதுரத்தில், கால் கொசுவலையில். ஆச்சிக்கு ஒரே பெருமை. நேற்றிலிருந்து தெருவில் யாரைப் பார்த்தாலும் காட்டுகிறாள், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கும் நன்றி. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார். நான் நூல் பந்தை அமுக்குகிறேன். விரல் முக்கால்வாசி மடங்குகிறது.

கடைசியாக ஒரு விஷயம். ஆறு வாரமும் எங்கெங்கிருந்தோ சாப்பாடு வந்த பாத்திரங்களில், பேர் வெட்டியவற்றையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டேன். மூடியில் நசுங்கல் உள்ள ஒரு எவர்சில்வர் தூக்கும் இரண்டு சம்படமும் யாருடையவை என்று தெரியவில்லை. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பந்தலில் அவரை இன்னும் ஒரு பறிப்பு இருக்கிறது, தூக்கை வெறுமனே தரமாட்டேன்.