கண்ணாடிக்காரரும் நானும்

பழைய வண்ணாரப்பேட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

நலம். அங்கே எல்லாரும் நலந்தானே? முட்டிவலிக்கு நீ அனுப்பிய எண்ணெயைப் பத்து நாள் தடவிப் பார்த்தேன். வலி அப்படியே இருக்கிறது, வீடு முழுக்க மருந்துக்கடை வாசனை வந்ததுதான் மிச்சம். மெட்ரோவில் லிப்ட் இருக்கிறதோ, பிழைத்தேன். இல்லாவிட்டால் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி எங்கேயும் போயிருக்க மாட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விக்கிமூலம் இணைய நூலகத்தில் பழைய புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்க ஆள் சேர்க்கிறாய், பத்துப் பேர் வந்தால் அடுத்த மாதம் ஒருவர்கூட மிஞ்சுவதில்லை, ‘இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை கிடையாது’ என்று எழுதியிருந்தாய். ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் ஆமாம் போட்டிருப்பேன். இப்போது முடியவில்லை. கோவித்துக்கொள்ளாமல் கேள்.

போன மாதம் இங்கே ஒரு சின்ன ஹாலில் தமிழ் விக்கிப்பீடியா பயிற்சி நடத்தினேன். பதினாலு பேர். பாதிப் பேருக்கு மேல் லேப்டாப் இல்லை, செல்போன்தான். ‘தயங்காதீங்க, தெரிஞ்சதை எழுதுங்க, தப்பு வந்தா திருத்திக்கலாம்’ என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். கடைசி வரிசையில் காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பொண்ணு. பி.காம். முடித்து வீட்டில் இருக்கிறாள், அம்மா மீன் விற்கிறார். பால் சுறா பற்றி எழுதலாமா சார் என்று கேட்டாள். தாராளமாக எழுதம்மா என்றேன்.

கட்டைவிரல் ரெண்டையும் வைத்து முக்கால் மணி நேரம் அடித்தாள், மச்சான். நாலே நாலு வரி. பிள்ளை பெற்றவளுக்கு இதில் புட்டு செய்து கொடுப்பார்கள், பால் நன்றாக ஊறும், மஞ்சள் போட்டு வேகவைத்துத் தோலை உரித்துவிட்டுத்தான் உதிர்க்கவேண்டும் என்று. கடைசி வரி: ‘இது எங்கம்மா சொன்னது.’ பதிப்பிட்டதும் பக்கத்தில் இருந்தவளிடம் போனைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

டீ வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பார்த்தால் நாலு வரியும் இல்லை. எங்கோ உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் அண்மைய மாற்றங்கள் பட்டியலில் பார்த்து எடுத்துவிட்டிருக்கிறார். அவளுடைய பேச்சுப் பக்கத்தில் இரண்டு செய்தி. முதலாவது தானியங்கி நிரல் போட்டது: ‘வாருங்கள், உங்களை வரவேற்கிறோம்!’ அதற்குக் கீழேயே ‘தாங்கள் சேர்த்த தகவலுக்குத் தகுந்த சான்று இணைக்கப்படாமையால்...’ என்று தொடங்கும் எச்சரிக்கை. வாசலில் பன்னீர் தெளித்து, உள்ளே காலை வைத்ததும் கன்னத்தில் ஒன்று வைத்த மாதிரி.

அவள் எழுந்து வந்து கேட்டாள்: “சார், இணைக்கப்படாமையால்னா இன்னா சார்? நான் இன்னா தப்பு பண்ணேன்?”

எனக்கு வாயே வரவில்லை. காரணம், எல்லாரும் அப்படியே எடுத்து ஒட்டுகிற அந்த எச்சரிக்கை வாசகத்தை எழுதியவன் நான். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி உட்கார்ந்து, சுத்தமான தமிழில் இருக்கவேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகச் செதுக்கிய வாசகம். ‘இத்தகைய தொகுப்புகள் தொடரின்’ என்ற இடத்தில் எனக்கு நானே சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன். அதை அன்றுவரை பெறுபவன் இடத்திலிருந்து ஒருதரம்கூடப் படித்ததில்லை.

அன்று ராத்திரி எனக்கு யார் ஞாபகம் வந்தார் தெரியுமா? அந்தக் கண்ணாடிக்காரர். 1985. காலேஜ் முதல் வருஷம், மயிலாப்பூர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் இலக்கியக் கூட்டம் என்று பஸ் மாறிப் போனோமே. நீ எழுந்து, ‘இந்தக் கதையில அந்த ஆளு ஏன் அழுதுகினு போறாரு’ என்று கேட்டாய். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ‘தம்பி, அழுதுகொண்டு என்று சொல்லிப் பழகுங்கள், பிறகு கதைக்கு வருவோம்’ என்றார். சிரிப்பு. உன் கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. திரும்பி வரும்போது பாரிமுனைவரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் அந்தப் பக்கமே நாம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, மச்சான். தமிழ்மேல் உண்மையான பிரியம் உள்ளவர். நானும் கெட்டவன் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சும்மா மனசு கேட்காமல் தேடிப் படித்தேன். இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 2001இல் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுபவர்கள் 2007வரை ஏறிக்கொண்டே போய், அதன்பிறகு குறைய ஆரம்பித்தார்கள். ஏன் என்று ஆரன் ஹால்ஃபேக்கரும் இன்னும் சிலரும் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் சொல்வது: வருகிறவர்களின் தரம் கெட்டுவிடவில்லை, நல்ல எண்ணத்தோடு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் குப்பையைத் தடுக்கச் செய்த கருவிகளும், கெட்டித்துப்போன விதிகளும் இவர்கள் எழுதியதையும் சேர்த்து வாரிக் கொட்டின. முதல் எழுத்தே அழிக்கப்பட்டவர் மறுபடி வரும் வாய்ப்பு குறைந்துபோனது. ‘புதியவர்களைக் கடிக்காதீர்கள்’ என்ற வழிகாட்டுதலை வைத்துக்கொண்டேதான் இவ்வளவும் நடந்திருக்கிறது! 2012இல் அங்கே ‘டீஹவுஸ்’ என்று புதியவர்களுக்காக ஓர் இடம் திறந்தார்கள். எந்த மடத்தனமான கேள்வியும் கேட்கலாம், ஆள் வந்து பதில் சொல்லும். டீக்கடையில் நியாயம் பேசுவதை நமக்கு அவர்கள் சொல்லித்தரவேண்டியிருக்கிறது பார். நம்மிடமும் பொதுவாகப் பேச ஆலமரத்தடி இருக்கிறது, உதவி கேட்க ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது. பெயர் வைப்பதில் நம்மை அடிக்க ஆள் கிடையாது.

காவல் பார்ப்பவர்களை நான் திட்டவில்லை. நானே பார்த்திருக்கிறேனே. ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் ஒருவன் நடிகர் பெயருக்கு முன்னால் பட்டம் சேர்ப்பான், ஒருவன் தன் கடை விலாசத்தைப் போடுவான், ஒருவன் ஜாதிப் பெருமையை நுழைப்பான். இருபதாவது குப்பையை அள்ளும்போது இருபத்தொன்றாவதும் குப்பையாகத்தான் தெரியும். அதில் ‘எங்கம்மா சொன்னது’ என்று ஒன்று வந்தால் விரல் தானாகப் போய் அழுத்திவிடும். செய்வதெல்லாம் சம்பளமில்லாத வேலை, அதுவும் கைவிட்டு எண்ணக்கூடிய ஆட்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் லட்சம் கட்டுரையைத் தாண்டியது இப்படிப்பட்டவர்கள் தூக்கத்தைத் தொலைத்ததால்தான். ஆனால் அந்தக் களைப்பைப் போக்க ஆள் வேண்டும், வருகிற ஆளையோ அந்தக் களைப்பே விரட்டிவிடுகிறது.

நம் தெரு கேரம் கிளப்பை நினைத்துப் பார். ஓலைக்கூரை, நாற்பது வாட்ஸ் பல்பு. புதிதாக எந்தப் பையன் வந்தாலும் பெரியவர் முதலில் என்ன செய்வார்? பௌடர் டப்பாவை அவன் கையில் கொடுப்பார். போர்டைத் துடைக்கத் தெரியும்போதே அவன் கிளப்பு ஆள் ஆகிவிட்டான். அப்புறம் டபுள்ஸில் இருக்கிறதிலேயே நன்றாக ஆடுகிறவனோடு ஜோடி சேர்த்துவிடுவார். நமக்கு அப்போது அது புரியவில்லை. புதுப் பையன் ஸ்ட்ரைக்கரைக் குழியில் போட்டால் ஃபைன் இரண்டு பேருக்கும்தான். அதனால் கெட்டிக்காரன் கத்துவதற்குப் பதில் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பான், இல்லாவிட்டால் அவன் தோற்பான். 2024 நவம்பரில் அமெரிக்காவில் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, நம் புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு, ஆட்டோ ஓட்டுகிறவர் மகள். இந்த ஏரியாவில் கேரம் இப்படித்தான் பரவியது.

விக்கியில் நாம் எதிர்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஃபைன் எண்ணுகிறோம்.

அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். சான்று என்றால் என்ன, அம்மா சொன்னது ஏன் போதாது என்று எச்சரிக்கை வாசகத்தில் இல்லாத தமிழில் சொன்னேன். பால் ஊறும் என்பதை மருத்துவ உண்மையாக எழுத முடியாது, அப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது என்று எழுதலாம், அதையும் ஒரு பத்திரிகையோ புத்தகமோ சொல்லியிருக்கவேண்டும் என்றேன். டக்கென்று புரிந்துகொண்டாள். ஒரு நாளிதழின் சமையல் பக்கத்தை அவளே தேடி எடுத்து இணைப்பைப் போட்டாள். போட்டதும் என்ன வந்தது தெரியுமா? கோணல்மாணலாக இங்கிலீஷ் எழுத்து, இதைப் பார்த்து டைப் பண்ணு, நீ மனுஷிதானா என்று. புதுக்கணக்கிலிருந்து வெளி இணைப்பு சேர்த்தால் அப்படி வரும். சான்று இல்லாவிட்டால் அழிக்கிறோம், சான்று கொடுத்தால் சந்தேகப்படுகிறோம். தமிழ்க் கீபோர்டிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றி மூன்றாவது தடவையில்தான் உள்ளே விட்டது. நமக்கெல்லாம் இது எப்பவோ நின்றுபோனதால் இப்படி ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

இந்தத் தடவை நாலு வரி இரண்டு வரி ஆனது, ஆனால் நின்றது. வீட்டுக்கு வந்ததும் நான் ‘நன்றி’ பொத்தானை அழுத்தினேன். இத்தனை வருஷத்தில் அதை எத்தனை தடவை அழுத்தியிருப்பேன் என்று யோசித்தேன், வேண்டாம், விடு.

என் எச்சரிக்கை வாசகத்தையும் மாற்றி எழுதி ஆலமரத்தடியில் வைத்திருக்கிறேன். ‘நீங்கள் எழுதியதைப் படித்தேன். இதை எங்கே படித்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் திரும்ப வைத்துவிடலாம். எப்படிச் சேர்ப்பது என்று தெரியாவிட்டால் இங்கேயே கேளுங்கள்’, அவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போடுகிறவர் அடுத்த இரண்டு நாள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவேண்டும் என்றும் எழுதினேன். அதற்குத்தான் எதிர்ப்பு, யாருக்கு நேரம் இருக்கிறது என்று. நியாயமான கேள்விதான். பதில் இன்னும் என்னிடம் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு மாதத்தில் ஒரே ஒரு புதியவர் என்று ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். உன் பத்துப் பேரையும் நீ ஒருவனே மேய்க்காமல் இப்படிப் பிரித்துக்கொடுத்துப் பார். முதல் பக்கத்தை ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து சேர்ந்தே பார், தப்புக்கு நீயும் பொறுப்பு என்கிற மாதிரி.

அவள் அம்மா இப்போது எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார், மச்சான்! ஏலம் முடிந்து காலையில் கூடையை இறக்கிவைத்த கையோடு, பின்னால் காக்கா கத்த, ஒவ்வொரு மீனாகப் பெயர் சொல்கிறார். சங்கரா, கிழங்கான், காரப்பொடி, ஷீலா என்று இதுவரை முப்பத்தொன்று. பொண்ணு அதைக் கேட்டு எழுதுகிறாள், படம் எடுத்து ஏற்றப்போகிறாளாம். விக்சனரி அகராதியில் எது இருக்கிறது, எது இல்லை என்று நான் பார்த்து வருகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் கானாங்கெளுத்தியைத்தானே அயிலை என்பார்கள்? மார்க்கெட்டில் கேட்டு எழுது. மீனைப் பார்த்துவிட்டு எழுது, வீட்டில் உட்கார்ந்தபடியே அடித்துவிடாதே.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
பழைய டபுள்ஸ் ஜோடி