புது வீட்டுத் தோட்டத்துக்கு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

பின்பக்கப் புல்தரையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய பிரெய்ரி (புல்லும் பூவும் மண்டிய சமவெளி) செடிகளை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை அம்மா. உங்கள் அமெரிக்க இல்லினாய் மாநிலத்தில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது. உழவுக்கும் ஊர்களுக்கும் போனது போக, கெடாமல் மிஞ்சியது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் உன் பத்தடிப் பாத்தியும் எனக்குப் பெரிய காரியம்தான்.

நர்சரிக்குப் போகுமுன் மண்ணைப் பார். நேப்பர்வில் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டும்போதே மேல்மண்ணை வழித்துவிடுவார்கள். எஞ்சுவது இறுகிய களிமண். ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பு. மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே பட்டர்ஃபிளை மில்க்வீட் வைக்காதே, வேர் அழுகிவிடும். ஸ்வாம்ப் மில்க்வீட் வை, அதற்கு ஈரம் பிடிக்கும். வெயில் 6 மணி நேரமாவது நேராக விழ வேண்டும். குறைந்தால் செடி மெலிந்து நீண்டு சாயும்.

10-க்கு 10 அடிப் பாத்திக்கு, 15 அங்குல இடைவெளியில் 64 நாற்று வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு புல்லாக இருக்கட்டும். எல்லாரும் பூவைத்தான் வாங்குவார்கள். புல் இல்லாத பாத்தியில் பூச்செடி சாய்ந்து கிடக்கும், இடைவெளியெல்லாம் களை ஏறும். பிக் புளூஸ்டெம் ஆளுயரம் தாண்டும், சின்னப் பாத்திக்கு ஆகாது. இரண்டு மூன்றடி வளரும் லிட்டில் புளூஸ்டெம்மும் பிரெய்ரி டிராப்சீடும் போதும்.

பூவை மாதக் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடு. மே மாதத்துக்கு கோல்டன் அலெக்ஸாண்டர்ஸ், ஜூனுக்கு பேல் பர்பிள் கோன்ஃபிளவர், ஜூலைக்கு மில்க்வீட், ஆகஸ்டுக்கு பிளேஸிங் ஸ்டார், செப்டம்பருக்கு நியூ இங்கிலாந்து ஆஸ்டரும் ஷோயி கோல்டன்ராடும். கோல்டன்ராட் தும்மல் வரவழைக்கும் என்று அக்கம்பக்கத்தார் சொல்லக்கூடும். அதன் மகரந்தம் கனமானது, காற்றில் பறக்காது; அதே சமயத்தில் பூக்கும் ராக்வீட் என்ற களைதான் தும்மலுக்குக் காரணம். ஆனால் கனடா கோல்டன்ராட், கப் பிளான்ட் இரண்டையும் சும்மா கொடுத்தாலும் வாங்காதே. மண்ணின் செடிகள்தான், ஆனாலும் சில வருடங்களில் பாத்தி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

மில்க்வீட் நம்மூர் எருக்கின் உறவு. கிள்ளினால் அதே பால் வரும், கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதே. எருக்கிலையைத் தின்று வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு வளர்வதுபோல, மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு மில்க்வீட் இலையை மட்டுமே தின்னும். இலை மொட்டையானால் மருந்தடிக்காதே, அதற்காகத்தான் செடியை வைக்கிறோம். வாங்கும்போதே நியோனிகோட்டினாய்டு என்ற பூச்சிமருந்து போட்ட செடியா என்று கேள். அந்த மருந்து செடிக்குள் ஏறி, இலையிலும் தேனிலும் தங்கிப் புழுவையும் தேனீயையும் கொல்லும். அடுக்கடுக்காய் இதழ் வைத்த கோன்ஃபிளவரும் வேண்டாம்; அவற்றில் தேனீ உட்கார்ந்து உண்ண இடமில்லை.

வேலையை இந்த ஆகஸ்டிலேயே தொடங்கு. புல்லை ஒட்ட வெட்டி, டேப் கிழித்த அட்டைப்பெட்டிகளை 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, மேலே 4 அங்குலம் மரச்சீவல் போட்டு மே வரை விட்டுவிடு. மண்ணைக் கொத்திக் கிளறாதே, அடியில் உறங்கும் களை விதையெல்லாம் மேலே வந்து முளைக்கும். எருவும் போடாதே. செடி வைத்தால் எருப் போடாமல் நம் கை சும்மா இராது, தெரியும். ஆனால் ஊட்டம் மிகுந்தால் இவை கொழுத்து ஒடிந்து விழும், களைதான் பிழைக்கும்.

மே நடுவில் நடு. இலையுதிர் காலக் கடைசியில் நட்டால் வேர் பிடிக்குமுன் மண் உறைந்தும் இளகியும் நாற்றை வெளியே தள்ளிவிடும். முதல் கோடையில் மழையையும் சேர்த்து வாரம் ஓர் அங்குலத் தண்ணீர் போதும். முயல் பிளேஸிங் ஸ்டாரையும் ஆஸ்டரையும் விடாது, முதல் வருடம் இரண்டடிக் கம்பிவலை கட்டு. அந்த வருடம் செடி முழங்கால் உயரம்கூட வராது, வேர்தான் இறங்கும். மூன்றாம் வருடம் பார்.

மாப்பிள்ளை மரம் வேண்டும் என்கிறாராமே. இடமிருந்தால் பர் ஓக் சொல். தடித்த பட்டையால் பிரெய்ரித் தீயைத் தாங்கி நின்ற மரம் அது. வீட்டிலிருந்து 30 அடியாவது தள்ளி, பாத்திக்கு வடக்கே வைக்கச் சொல். தெற்கே வைத்தால் நிழல் பாத்தியைக் கொன்றுவிடும். பின் ஓக் வேண்டாம், சுண்ணாம்புச் சத்து மிகுந்த உங்கள் களிமண்ணில் இரும்புச்சத்து எட்டாமல் இலை மஞ்சளிக்கும். பெரிய மரமாக வாங்காமல் நாலைந்தடிக் கன்றாக வாங்குங்கள். தண்டு விரிந்து வேராகும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். அதை மூடினால் சில ஆண்டுகளில் வேரே தண்டைச் சுற்றி நெரிக்கும். கிளை வெட்டுவது பனிக்காலத்தில் மட்டும். வசந்தத்தில் வெட்டினால் காயத்தின் வாசத்துக்கு வரும் வண்டுகள் ஓக்கை வாடச்செய்யும் ஓக் வில்ட் பூஞ்சையைக் கொண்டுவரும். இடம் குறைவென்றால் சர்வீஸ்பெரி என்ற சிறுமரத்தை வை, பழம் உனக்கும் பறவைக்கும் ஆகும்.

குழி வெட்டுமுன் 811 என்ற தொலைபேசி எண்ணை அழைத்து கேஸ், மின்சாரக் குழாய்களுக்குக் குறியிடச் சொல். செப்டம்பரில் பக்கத்து ஊரான லைலுக்குப் போய் மார்ட்டன் ஆர்போரீட்டம் என்ற மரத்தோட்டத்தில் ஷூலன்பர்க் பிரெய்ரியைப் பார்த்துவிட்டு வா. 1962-இல் நடத் தொடங்கியது. எந்தச் செடி எவ்வளவு உயரம், எது எதன் பக்கத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள். பட்டியலை அனுப்பு, வாங்குமுன் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா