வெளிநாட்டு உறவுகளுக்கு நேரம் சொல்லும்போது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கலியாணம், சாமத்திய வீடு, நிக்காஹ், கோயில் திருவிழா, செத்தவீடு என்று எதற்கு எங்களிடம் கமரா ஓடர் தந்தாலும் நீங்கள் முதலில் கேட்பது நேரலை பற்றித்தான். பிள்ளைகளும் சகோதரங்களும் ஆளுக்கொரு நாட்டில் இருக்கும் ஊர் இது. நேரலைக்கு வேண்டிய டேட்டா, ஒலி, வெளிச்சம் எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு விடயத்தில் உங்கள் கை இல்லாமல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் சரியான நேரத்துக்கு வந்து உட்கார வேண்டும்.

வயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது மண்டபத்தில் யாருடைய போனாவது அடிக்கும். கனடாவிலிருந்து மாமா. "தம்பி, இன்னும் தொடங்கேல்லையோ? நாங்கள் எல்லாரும் டிவிக்கு முன்னால இருக்கிறம்." இங்கே பந்தியில் பாயாசம் போய்க்கொண்டிருக்கும். கலியாணம் என்றால் பதிவைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் காத்திருந்த மகனுக்குப் பதிவு எந்த ஆறுதலையும் தராது. அதனால்தான் இந்த மடலைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம்.

இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. வருடம் முழுக்க அதில் மாற்றம் இல்லை. மாறுவது அந்தப் பக்கம். ரொறன்ரோவில் மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு திரும்பவும் பின்னுக்கு எடுப்பார்கள். ஆகவே கோடையில் அவர்கள் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தி, குளிரில் பத்தரை. இலண்டனும் பாரிஸும் சூரிச்சும் ஒஸ்லோவும் மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும். இலண்டன் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை மணித்தியாலம் பிந்தி. பாரிஸ், சூரிச், ஒஸ்லோ மூன்றும் கோடையில் மூன்றரை, குளிரில் நாலரை.

"கனடாவுக்கு ஒன்பதரை, லண்டனுக்கு நாலரை" என்று வீட்டில் ஒருவர் மனப்பாடம் செய்து வைத்திருப்பார். அந்தக் கணக்கு வருடத்தில் பாதிக்கு மேல் சரி. அதனால்தான் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை, பிழைக்கும்போதும் யாருக்கும் தெரியவருவதில்லை. 2026இல் ரொறன்ரோ மார்ச் 8ஆம் திகதி மாறுகிறது, ஐரோப்பா மார்ச் 29ஆம் திகதி. இடைப்பட்ட மூன்று வாரத்தில் ரொறன்ரோவுக்குக் கோடைக் கணக்கு, இலண்டனுக்குக் குளிர்கால கணக்கு. வழக்கமாக ஐந்து மணித்தியாலம் தள்ளி இருக்கும் அந்த இரண்டு ஊர்களும் அப்போது நாலு மணித்தியாலம்தான் தள்ளி இருக்கும். கனடாவில் இருக்கும் அக்கா இலண்டனில் இருக்கும் தம்பிக்கு நேரம் சொல்லிவிட்டால் பிழைத்தது போலத்தான். ஒக்ரோபர் 25க்கும் நவம்பர் 1க்கும் இடையில் ஒரு வாரம் இதே நிலைமை.

மார்ச் 15, ஞாயிறு, காலை 6.12க்குத் தாலி கட்டு என்று வைத்துக்கொள்வோம். ரொறன்ரோவில் அது மார்ச் 14, சனி, இரவு 8.42. இலண்டனில் ஞாயிறு அதிகாலை 12.42, சூரிச்சில் 1.42, மெல்பேர்ணில் ஞாயிறு முற்பகல் 11.42. அதே 6.12 முகூர்த்தம் ஏப்ரல் 26, ஞாயிறு வந்தால் ரொறன்ரோவுக்கு மாற்றம் இல்லை, சனி இரவு 8.42தான். இலண்டன் அதிகாலை 1.42 ஆகிவிடும், சூரிச் 2.42 ஆகிவிடும், மெல்பேர்ணோ ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வந்து முற்பகல் 10.42இல் நிற்கும்.

அவுஸ்திரேலியா எதிர்த்திசையில் போவதற்குக் காரணம், எங்களுடைய ஏப்ரலில் அவர்களுக்குக் கோடை முடிகிறது. ஒக்ரோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னியும் மெல்பேர்ணும் எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தி. மற்ற மாதங்களில் நாலரை. ஆனால் பிரிஸ்பேன் மணிக்கூட்டைத் தொடுவதே இல்லை, எப்போதும் நாலரை. பேர்த் எப்போதும் இரண்டரை. ஆகவே "அவுஸ்திரேலியா நேரம்" என்று எழுதித் தரவேண்டாம். எந்த ஊர் என்று எழுதித் தாருங்கள்.

வளைகுடாவில் பிள்ளைகள் உள்ள கிண்ணியா, மூதூர் வாடிக்கையாளர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. துபாயும் ஓமானும் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி, கட்டாரும் குவைத்தும் சவூதியும் இரண்டரை. சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை முந்தி. இந்தியா எங்கள் நேரமேதான்.

மணித்தியாலக் கணக்கை விடப் பெரிய பிழை நாளில் வருகிறது. செத்தவீட்டு அறிவித்தலை வட்ஸ்அப்பில் போடும்போது அநேகமானோர் "நாளை காலை 9 மணிக்கு இறுதிக்கிரியை" என்று எழுதுகிறார்கள். செவ்வாய் இரவு எட்டு மணிக்கு இங்கே அதை எழுதினால், கோடையில் ரொறன்ரோவில் அப்போது செவ்வாய் காலை பத்தரை. அதை வாசிக்கும் மகனுக்கு நாளை என்றால் புதன். எங்கள் புதன் காலை ஒன்பது மணியோ அவருக்குச் செவ்வாய் இரவு பதினொன்றரை. அதாவது அவருடைய இன்றிரவு. அவர் புதன்கிழமைக்கு லீவு எடுத்துவிட்டுப் படுத்து எழும்பும்போது இங்கே எல்லாம் முடிந்திருக்கும். மரண அறிவித்தலில் "இன்று", "நாளை" என்ற சொற்களே வேண்டாம். திகதியையும் கிழமையையும் எழுதி, பக்கத்தில் "இலங்கை நேரம்" என்று போடுங்கள்.

"இரவு" என்ற சொல்லும் அப்படித்தான். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால் நாங்கள் பேச்சில் "வெள்ளி இரவு இரண்டு மணி" என்று சொல்வது திகதிப்படி சனிக்கிழமை அதிகாலை. கோணேஸ்வரத்தில் சிவராத்திரி நடுச்சாமப் பூசை பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு "ஞாயிறு இரவு பன்னிரண்டு மணி" என்று அனுப்பினால், ரொறன்ரோவில் இருப்பவர் ஞாயிறு இரவு வரை விழித்திருப்பார். அவர் பார்க்கவேண்டியது ஞாயிறு பகல் ஒன்றரைக்கு. இலண்டனில் ஞாயிறு மாலை ஆறரை, சிட்னியில் திங்கள் காலை ஐந்தரை. நாலாம் சாமப் பூசைகூட ரொறன்ரோவில் ஞாயிறு மாலைக்குள் வந்துவிடும்.

கையால் கணக்குப் பார்க்க விரும்புவோருக்கு இரண்டு வழி சொல்கிறோம். ரொறன்ரோவுக்கு, எங்கள் நேரத்தோடு கோடையில் இரண்டரை மணித்தியாலம் கூட்டுங்கள், குளிரில் ஒன்றரை கூட்டுங்கள், பிறகு காலையை மாலையாக, மாலையைக் காலையாக மாற்றுங்கள். காலை 5.10 என்றால் கோடையில் மாலை 7.40. எங்கள் காலை ஒன்பதரைக்கு (குளிரில் பத்தரைக்கு) முந்தியது எல்லாம் அவர்களுக்கு முதல் நாள். எங்கள் முகூர்த்தங்களில் பெரும்பாலானவை அதற்குள்தான் வருகின்றன, அதனால் இதை மறக்கவே கூடாது. இலண்டனுக்கு இன்னும் சுலபம். முள்ளு வைத்த கைமணிக்கூட்டைக் கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள். இங்கே மூன்று மணி என்றால் தலைகீழாக ஒன்பதரை தெரியும். அதுதான் கிரீன்விச் நேரம், குளிர்காலத்தில் இலண்டன் நேரம். கோடையில் ஒரு மணித்தியாலம் கூட்டினால் போதும்.

ராகுகாலத்தை மட்டும் இப்படி மாற்றாதீர்கள். அது அந்தந்த ஊரின் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடைப்பட்ட பகலை எட்டாகப் பிரித்து வருவது. ரொறன்ரோவின் ராகுகாலம் ரொறன்ரோவின் சூரியனைப் பொறுத்தது.

அழைப்பிதழ் அடிக்க வரும்போது ஜாதகக் கதையும் கூடவே வரும் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இப்போது கலியாண வயதில் இருக்கும் பிள்ளைகள் பலர் இலங்கையின் மணிக்கூடு வேறாக இருந்த பத்து வருடத்தில் பிறந்தவர்கள். மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே 25 அன்று நாடு ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போய் கிரீன்விச்சிலிருந்து ஆறரை ஆனது. அதே வருடம் ஒக்ரோபர் 26 அன்று அரை மணித்தியாலம் குறைத்து ஆறு ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. பழைய நேரம், புதிய நேரம் என்று நாங்கள் பேசிக்கொண்ட காலம் அது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது.

1999இல் ஆஸ்பத்திரிக் குறிப்பில் பிறந்த நேரம் காலை 6.20 என்று இருந்தால், பழைய நேரத்தில் அது 5.50. வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் கணினியில் ஜாதகம் போடும்போது கிரீன்விச்சிலிருந்து வித்தியாசம் 5.30 என்று கையால் அடித்தால் அரை மணித்தியாலம் பிழைக்கும். ஒரு லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நிற்பது. அரை மணித்தியாலத்தில் லக்கினமே மாறிப்போக இடமுண்டு. ஊரைத் தேர்ந்தெடுத்தால் நல்ல மென்பொருள் இதைத் தானே சரிபார்க்கும். ஆனால் பிறந்த இடம் அப்போது பழைய நேரத்தில் இருந்த பகுதி என்றால் அந்த மென்பொருளுக்கும் அது தெரியாது. சாத்திரியாரிடம் குறிப்பைக் கொடுக்கும்போது எந்த நேரம் என்று பெற்றோர்தான் சொல்லவேண்டும்.

இனி வேலை விடயம். ஓடர் தரும்போது திகதி, கிழமை, முகூர்த்தம் அல்லது கிரியை தொடங்கும் நேரம், உறவினர்கள் இருக்கும் ஊர்களின் பெயர் ஆகியவற்றைத் தாருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் உரிய கிழமையும் நேரமும் போட்ட அறிவித்தல் படத்தை நாங்கள் செய்து தருகிறோம். அதற்குத் தனிக் காசு இல்லை. "ஈஎஸ்டி" (கிழக்கு நேரம்) போன்ற சுருக்கெழுத்துகளை நாங்கள் போடமாட்டோம். ரொறன்ரோவில் இருப்பவரும் சிட்னியில் இருப்பவரும் அதைத் தங்கள் நேரம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

படத்தோடு யூடியூப் இணைப்பையும் முன்கூட்டியே அனுப்புவோம். படத்தில் எழுதிய நேரம் யாருக்காகவும் மாறாது. முன்கூட்டிக் குறித்த நேரலை இணைப்பை அழுத்தினால் பார்ப்பவரின் போனில் அவருடைய ஊர் நேரமே காட்டும். குடும்பக் குரூப்பில் படத்தை மட்டும் போட்டுவிட்டு இணைப்பை விட்டுவிடாதீர்கள், இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். வயதான உறவினர்களுக்கு மட்டும் ஒருமுறை அழைத்து, "உங்கட சனி இரவு, எட்டே முக்கால்" என்று அவர்களுடைய நேரத்தில் வாயால் சொல்லிவிடுங்கள். எழுத்தை விட அது அவர்கள் மனதில் நிற்கும்.

நிகழ்வு தொடங்க அரை மணித்தியாலம் முன்பே நாங்கள் நேரலையைத் திறந்துவிடுவோம். முகூர்த்தமோ பூதவுடல் எடுக்கும் நேரமோ மாறினால், ஐயர் சொன்ன உடனே எங்கள் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். திரையின் கீழே புதிய நேரத்தை ஓடவிடுவார்.

கலியாண ஓடர்களைக் கடை திறந்திருக்கும் நேரத்தில் நேரில் வந்து பேசுவது நல்லது. செத்தவீடு என்றால் நேரம் பார்க்க வேண்டாம், நடுச்சாமம் என்றாலும் அழையுங்கள். பிள்ளைகள் எந்தெந்த ஊரில் என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நிர்வாகத்தினர்,
திருகோணமலை