பழைய போர் விமானம் வீட்டு மனை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய போர் விமானத்தை வாங்கிப் போட்டால் மனைக்கட்டு போல விலை ஏறும் என்று உங்கள் ஞாயிறு வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவன். பல வருடம் டகோட்டாக்களில்தான் வேலை; இரண்டாம் உலகப் போர்க் காலத்து இரட்டை இன்ஜின் சரக்கு விமானம் அது. கட்டுரையில் ஏல விலை எல்லாம் இருந்தது. வாங்கிய பிறகு ஆகும் செலவைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதில் சொன்ன ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்தின் சமாச்சாரம் உண்மை. பி9374 என்ற விமானம் 1940 மே மாதம் சுடப்பட்டு, பிரான்சில் கலே அருகே கடற்கரையில் இறங்கி மணலில் புதைந்தது. 1980-ல் தோண்டி எடுத்தார்கள். 2015 ஜூலையில் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 31 லட்சம் பவுண்டுக்குப் போனது. படித்தவுடன் யாருக்கும் ஆசை வரும். ஆனால் மணலில் கிடந்த இரும்புக்கும் அலுமினியத்துக்குமா அந்த 31 லட்சம்? அதைத் திரும்பப் பறக்க வைத்த கைகளின் கூலி, தேடிப்பிடித்த பாகங்கள், புதிதாகச் செய்த பாகங்கள் எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. அப்புறம், விற்றுவந்த பணம் பிரிட்டிஷ் விமானப்படையினருக்கான நல நிதிக்கும் காட்டு விலங்குப் பாதுகாப்புக்கும் கொடுக்கப்பட்டது. லாபத்துக்கு உதாரணமாகக் காட்டவேண்டிய விற்பனை அல்ல அது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். டகோட்டாவின் இன்ஜின் ரேடியல் வகை, 14 சிலிண்டர், வட்டமாக இரண்டு வரிசை. ராத்திரி நின்றால் எண்ணெய் மெல்ல இறங்கி அடியில் இருக்கும் சிலிண்டர்களில் தேங்கிவிடும். காலையில் அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்தால், எண்ணெய் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். ஒரு இன்ஜின் போச்சு. அதனால் விடியற்காலையில் இரண்டு பேர் ப்ரொப்பெல்லரைக் கையால் தள்ளிச் சுற்றுவோம். இறுக்கமாக நின்றால் அதற்குமேல் பலம் கொடுக்கக் கூடாது. அடிச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவோம். கறுத்த எண்ணெய் முழங்கை வரை வழியும். ஒரு இன்ஜினுக்கு 28 பிளக், விமானத்துக்கு 56. அந்த இறுக்கம் எப்படி இருக்கும் என்பது கைக்குத்தான் தெரியும், புத்தகத்தில் வராது. இதைச் செய்யத் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இப்போது அந்த ஆள் கிடைப்பதே கஷ்டம்.

எரிபொருளுக்கு வருவோம். டகோட்டா ஒரு மணி நேரம் பறந்தால் சுமார் 350 லிட்டர் குடிக்கும். மஸ்டாங் போன்ற ஒற்றை இன்ஜின் சண்டை விமானமே 200 லிட்டருக்கு மேல். அது பங்கில் போடும் பெட்ரோலும் இல்லை, ஜெட்டுக்கு ஊற்றும் எண்ணெயும் இல்லை. ஏவ்கேஸ் என்ற, ஈயம் கலந்த விமான பெட்ரோல். நம் நாட்டில் இதை வெளியிலிருந்துதான் வரவழைத்துக்கொண்டிருந்தோம். 2022-ல்தான் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரித்து விற்க ஆரம்பித்தது. ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ், எங்கள் சென்னை உப்புக்காற்றில் தகட்டு இணைப்புகளுக்குள் பூக்கும் வெள்ளைத் துரு இவை எல்லாம் தனி. விமானம் பறக்காமல் நின்றால்கூட இந்தச் செலவுகள் நிற்காது.

பணம் இருந்தாலும் அனுமதிக் காகிதம் இல்லாவிட்டால் பறக்க முடியாது. பிரிட்டனில் வல்கன் குண்டுவீச்சு விமானம் ஒன்றை ஒரு அறக்கட்டளை ஜனங்களின் நன்கொடையில் பறக்க வைத்தது. வருடத்துக்குச் சுமார் 20 லட்சம் பவுண்டு ஆனது. தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த கம்பெனிகள் விலகிக்கொண்டதும், 2015 அக்டோபரோடு அது தரையில் நின்றுவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் ஷோரம் வான்காட்சியில் ஹன்டர் என்ற பழைய ஜெட் சண்டை விமானம் ஒன்று சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். உடனே அந்நாட்டில் தனியாரிடம் இருந்த ஹன்டர்கள் எல்லாம் பறக்கத் தடை போட்டார்கள். மற்றவர் தவறு எதுவானாலும் உங்கள் விமானமும் சேர்ந்து நிற்கும். எந்த மனைக்கட்டுக்கு இப்படி நடக்கும்?

சில வருடம் முன்பு, கொங்குப் பக்கத்துத் தொழிலதிபர் ஒருவர் வெளிநாட்டில் ஒரு ஹார்வர்ட் பயிற்சி விமானம் விலைக்கு வருகிறது என்று போட்டோக்களோடு என் வீட்டுக்கு வந்தார். பளபளவென்று மஞ்சள் பெயின்ட். "சார், இன்ஜின் லாக் புத்தகம் எங்கே?" என்று கேட்டேன். இன்ஜினுக்குச் செய்த வேலை எல்லாம் எழுதி வைக்கும் பதிவேடு அது. நான்கு பக்கம் ஸ்கேன் செய்து கொடுத்திருந்தார்கள். கடைசியாக ஓவர்ஹால் செய்த, அதாவது முழுதாகக் கழற்றிச் செப்பனிட்ட, விவரம் உள்ள பக்கம் மட்டும் இல்லை. அந்தப் பக்கம் இல்லாத இன்ஜினைக் கழற்றாமல் நம்ப முடியாது. கழற்றினால் வாங்கும் விலையில் பெரும்பங்கு அதற்கே போகும் என்றேன். மனம் கஷ்டப்பட்டது அவருக்கு. ஆனால் வாங்கவில்லை.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசைப்பட்டு வாங்குகிறவர்களால்தான் இந்த விமானங்கள் உயிரோடு இருக்கின்றன. நாம் பழையது என்று கைவிட்ட ஸ்பிட்ஃபயர்கள் 1970-களின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போயின. பெங்களூருவில் நம் விமானப்படையிடம் இருந்த எம்வி293 அங்கே 1992-ல் மறுபடி பறந்தது. இன்னொரு பக்கம், அயர்லாந்தில் குப்பையாகக் கிடந்த ஒரு டகோட்டாவை அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, பிரிட்டனில் செப்பனிட்டு, நம் விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். 2018-ல் அது டெல்லி அருகே ஹிண்டன் விமானப்படைத் தளத்தில் வந்து இறங்கிய படத்தை டிவியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவருடைய அப்பா டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி. அந்த விமானத்துக்குப் பரசுராமா என்று பெயர். விற்று லாபம் பார்க்க யாரும் அதைச் செய்யவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏல விலையைப் போடும்போது, பக்கத்திலேயே ஒரு மணி நேரம் பறக்க என்ன செலவு என்றும் போடுங்கள். தாம்பரம் பயிற்சியில் என்னோடு படித்த ஃபிட்டர்கள் பலர் இன்னும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். எங்களுக்குக் கை ஓடும்போதே இளைஞர்கள் யாராவது வந்து கற்றுக்கொண்டால் சந்தோஷம், காசு வேண்டாம். விமானம் வாங்க நினைப்பவர்களும் வரலாம். போட்டோ எதற்கு, லாக் புத்தகத்தை எடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை இன்ஜின் ஃபிட்டர்,
சேலையூர், சென்னை