குளியலகத்தில் நடந்த கண்காட்சிக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கும், தோள்கொடுத்த பெரியவர்களுக்கும் வணக்கம்.

கண்காட்சி முடிந்து, ஆணிகளைப் பிடுங்கி, தரையைத் துடைத்துச் சாவியை ஒப்படைத்தாயிற்று. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. அழைப்பிதழில் என் பெயர் மட்டும் பெரிதாக அச்சாகியிருந்தது அன்றிலிருந்தே உறுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே இருந்தவற்றில் பாதிக்குமேல் பிறர் வீடுகளில் புழங்கியவை, பிறர் கைகள் செய்தவை. யார் என்ன கொடுத்தார்கள் என்று எல்லோரும் அறியச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமலே சொல்கிறேன். அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, செந்தோவைத் திறந்துவிட்ட தம்பதிக்கு. ஜப்பானைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை: செந்தோ என்பது தெருவுக்குப் பொதுவான குளியலகம். வீடுகளில் குளியலறை இல்லாத காலத்தில் மாலையானால் துண்டும் சோப்புமாக மக்கள் கிளம்பிப் போன இடம். 1968-ல் நாடு முழுவதும் ஏறக்குறைய 18,000 செந்தோக்கள் இருந்தன. இன்று 2,000-க்கும் கீழே. வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டது, எரிபொருள் விலை ஏறிவிட்டது, கொதிகலனைப் பார்த்துக்கொள்ள அடுத்த தலைமுறையில் ஆள் இல்லை. கிழக்கு டோக்கியோவில் இவர்கள் நடத்திவந்த செந்தோவும் அப்படித்தான் மூடப்பட்டு, இடிக்கப்படும் நாளுக்காகக் காத்திருந்தது.

ஐயா, அம்மா, நீங்கள் வாடகை கேட்கவில்லை. சுவரில் இருக்கும் ஃபூஜி மலையை மறைக்கக் கூடாது என்று மட்டும்தான் சொன்னீர்கள். சொல்லாவிட்டாலும் மறைத்திருக்க மாட்டேன். 1912-ல் டோக்கியோவின் கான்டா பகுதியில் கிகாய்-யு என்ற செந்தோவில், ஷிசுவோக்காக்காரரான கவாகோயே கோஷிரோ என்ற ஓவியர் குழந்தைகள் மகிழட்டும் என்று ஃபூஜி மலையை வரைந்தார். பிறகு டோக்கியோவின் செந்தோக்களில் அதுவே வழக்கமாகிவிட்டது. விடுமுறை நாள் ஒன்றுக்குள் வேலை முடிந்தாக வேண்டும். மறுநாள் வாடிக்கையாளர்கள் வந்துவிடுவார்கள். பழைய ஓவியத்தின் மேலேயே, வானத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி வரைந்துகொண்டே வருவார்கள். மறையும் சூரியனும் உதிரும் செவ்விலைகளும் வியாபாரத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்று இந்தத் தொழிலில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்கள் சுவரில் எத்தனை ஃபூஜி மலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றனவோ! அந்தக் கட்டடத்தின் தலையாய ஓவியம் அதுதான். என் படங்களை உடைமாற்றும் அறையில் மட்டும் மாட்டினேன்.

அம்மா, கண்காட்சி நடந்த ஒவ்வொரு மாலையும் நீங்கள் உங்கள் பழைய உயர்ந்த இருக்கையில் போய் உட்கார்ந்தீர்கள். பழைய வாடிக்கையாளர்கள் வந்தார்கள், செருப்பைத் தங்கள் வழக்கமான எண் போட்ட பெட்டியில் வைத்தார்கள், மரச் சாவியை உருவிக்கொண்டு நேரே உங்களிடம்தான் வந்தார்கள். மூட்டுவலி பற்றியும் பேரப்பிள்ளைகள் பற்றியும் பேசி முடித்த பிறகுதான் படங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் பல காலம் வரைய முயன்றுவந்த காட்சி அது. உங்களால் அது என் கண்ணெதிரே நடந்தது.

அடுத்து, தத்தாமி செய்யும் ஐயாவுக்கு. பலரும் நின்று பார்த்த அந்தப் பெரிய சுவர் முழுக்க உங்களுடையது. தத்தாமி என்பது ஜப்பானிய வீடுகளில் தரையாகப் பதிக்கும் தடித்த பாய். அதன் மேல்பாய் இகுஸா என்ற கோரையால் நெய்வது. ஜப்பானில் விளையும் இகுஸாவில் பெரும்பகுதி குமாமோத்தோ மாகாணத்தின் யாத்சுஷிரோ பகுதியிலிருந்து வருகிறது. புதிதாக விரிக்கும்போது பச்சையாக இருக்கும், வெயில் பட்டுப் பட்டுப் பொன்னிறமாகும். சில ஆண்டுகளில் பாயைத் திருப்பிப் போடுவார்கள், அப்புறம் உரித்துவிட்டுப் புதுப்பாய் தைப்பார்கள். அப்படி உரித்ததை எறிந்துவிடாமல் எனக்காகச் சுருட்டிச் சுருட்டிச் சேர்த்து வைத்தீர்கள். அலமாரி நின்ற இடத்தில் இன்னும் பச்சை மிச்சமிருந்தது. ஜன்னலோரம் வெளுத்திருந்தது. நடுவில் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுந்தவர் யாரோ, அங்கே மட்டும் கோரை தேய்ந்திருந்தது. நான் அவற்றில் ஒரு துளி வண்ணம்கூடச் சேர்க்கவில்லை. நிமிர்த்தித் தொங்கவிட்டேன், அவ்வளவுதான். “இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டீர்கள். கடைசி நாளன்று உங்கள் பேத்தி அந்தச் சுவர்முன் நின்று தன் பள்ளித் தோழிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

காகிதத்துக்காக சைத்தாமா மாகாணத்து ஒகாவா ஊர்ப் பெண்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். அங்கே செய்யும் ஹோஸோகாவா காகிதம் 2014-ல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதற்காகக் காகிதத்தைப் புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அதன் பின்னால் இருக்கும் வேலைதான் பெரிது. கோஸோ மரப்பட்டையை வேகவைத்து, தண்ணீரில் அலசி, நாரில் ஒட்டிய தூசி துரும்பை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்க வேண்டும். நாரைத் தண்ணீரில் சீராக மிதக்க வைப்பது தோரோரோ அவோய் என்ற செடியின் வேர்ச்சாறு. அது நம் வெண்டைக்கு நெருங்கிய உறவு, அதே கொழகொழப்பு. சூடு பட்டால் அது நீர்த்துவிடும் என்பதால் நல்ல காகிதத்துக்குக் குளிர்காலமே உகந்தது. விரல் விறைக்கும் தண்ணீரில் கைவைத்தபடி பாட்டுப் பேச்சென்று இருந்த உங்கள் நடுவே எனக்கும் ஒரு இடம் ஒதுக்கினீர்கள். தூசி எங்கே ஒளிந்திருக்கும் என்று காட்டிக்கொடுத்தீர்கள். என் படங்களில் வெறுமையாக விட்ட இடங்களைப் பாராட்டியவர்களே, அந்த வெண்மையை உண்டாக்கியவர்கள் இவர்கள்.

ஷோஜி, அதாவது மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவுகள், வந்து சேர்ந்த கதை தனி. பேட்டைச் சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகை, அதாவது கைரான்பான், வீடு வீடாகக் கைமாறிப் போகும். குப்பை நாள் மாற்றம், நிலநடுக்கப் பயிற்சி அறிவிப்பு ஆகியவற்றோடு என் வேண்டுகோளையும் செருகி அனுப்பினார் சங்கத் தலைவர்: கிழிந்து ஒட்டுப்போட்ட ஷோஜி இருந்தால் தாருங்கள். குழந்தை விரல் குத்திய ஓட்டையைப் பூ வடிவில் கத்தரித்த காகிதம் கொண்டு மூடுவது இங்கே வழக்கம். அப்படி ஒட்டிய கதவுகளைச் செந்தோவின் வெற்றுத் தொட்டிக்குமேல் வரிசையாகத் தொங்கவிட்டு, பின்னால் விளக்கு வைத்தோம். ஒட்டுப்போட்டதைக் காட்டச் சங்கடப்பட்ட அம்மாக்களே, அந்த நிறுவலில் எல்லோரும் தேடித் தேடிப் பார்த்தது உங்கள் பூக்களைத்தான்.

அன்றாடப் பொருளை உற்றுப் பார்க்கலாம் என்ற துணிச்சலை எனக்குக் கொடுத்தவர் கோன் வாஜிரோ. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ எரிந்தபின், மக்கள் தகரத்தாலும் பலகையாலும் கட்டிக்கொண்ட குடிசைகளை வரைந்தவர். 1925-ல் கின்சா தெருவில் நின்று, போகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிக் கணக்கெடுத்தார். அவர் கோட்டுப்படங்களை எனக்கு அறிமுகப்படுத்திய என் ஆசிரியருக்கு என் வணக்கம்.

சின்ன வெள்ளை லாரியில் கதவுகளை ஏற்றி இறக்கிய மாணவர்கள், மின்கம்பி இழுத்த அண்ணன், நிஷி-கசாயிலிருந்து ஞாயிறுதோறும் இட்லியும் சட்னியும் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் பரிமாறிய தமிழ்க் குடும்பங்கள், படக்குறிப்புகளை மொழிபெயர்த்த தங்கை: உங்களுக்குத் தனித்தனியாகவும் எழுதுவேன். என் முதல் கண்காட்சிக்கு யாருமே வராத மழை நாளில் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போன பெரியவரே, உங்கள் முகவரி கிடைக்கவில்லை. இதைப் படிப்பவர்கள் யாராவது அவரிடம் சேர்ப்பியுங்கள்.

இனி நடக்கவேண்டியது. ஷோஜி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும், அந்தக் கதவைப் பார்த்து நான் வரைந்த படம் சேரும். சங்க அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். கதவுகளைத் திரும்பப் பெற விரும்புவோரும் அங்கேயே சொல்லுங்கள். செந்தோவின் செருப்புப் பெட்டிகளை வாங்கிக்கொள்ளப் பக்கத்துத் தெரு முதியோர் மையம் சம்மதித்திருக்கிறது. தூக்கிக்கொண்டு போக இன்னும் நான்கைந்து பேர் வேண்டும். இந்த மடலின் ஜப்பானிய வடிவம் செந்தோ வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் ஓவியன்