பழைய சைக்கிளை இரும்புக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் எங்கள் விசுவமடுப் பக்கம் பழைய இரும்பு வாங்குகிறவர்கள் ஒலிபெருக்கி போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்தபின் கொட்டிலில் கிடக்கும் சின்னச் சைக்கிள்கள்தான் முதலில் போகின்றன. கிலோக் கணக்கில் கிடைக்கும் காசு ஒருநாள் சமையலுக்கே காணாது. அந்தச் சைக்கிள்களின் சில்லுகளைக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அவற்றை வைத்து, சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பெட்டி ஒன்று செய்யலாம்.

எங்கள் காணியில் கத்தரியும் பயற்றங்காயும் வாழையும் நிற்கின்றன. சந்தைக்கு ஓட்டோ பிடித்தால் விற்ற காசில் பெரும் பங்கு கூலிக்கே போகும். கரியரில் கட்டினால் ஒரு மூட்டைதான். அதற்கு மேல் வாழைக்குலையையும் வைத்தால் சைக்கிளின் முன்பக்கம் நிலத்தில் நிற்காது. வெல்டிங் தெரிந்த என் கொழுந்தன் பெட்டி செய்து தந்த பிறகு எல்லாம் ஒரே நடையில் போகிறது. காசு கொடுத்து வாங்கியது ரயர், ரியூப், போல்ட், வெல்டிங் குச்சி மட்டும்தான். மற்றதெல்லாம் வளவுக்குள் கிடந்தவை.

செய்ய நினைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விபரமாகவே சொல்கிறேன். 20 அங்குலச் சைக்கிள் இரண்டின் முன் சில்லுகள் வேண்டும். பின் சில்லென்றால் செயின் ஓடும் பற்சில்லும் (பிறீவீல்) அகன்ற அச்சும் இடைஞ்சல். சின்னச் சில்லில் கம்பிகள் கட்டை, அதனால் பாரம் தாங்கும். பெட்டியும் தாழ்வாக நிற்கும், வளைவில் பிரளாது. அடிச்சட்டத்துக்குப் பழைய கட்டிலின் இரும்பே போதும்.

சைக்கிள் அச்சு இரண்டு பக்கமும் பிடித்திருக்கவென்று செய்யப்பட்டது. முன் போர்க் சில்லை இரு பக்கமும் பிடிக்கிறதல்லவா? அப்படியே பெட்டியின் ஒவ்வொரு சில்லுக்கும் உள்ளே ஒரு பிடி, வெளியே ஒரு பிடி கட்டாயம் வேண்டும். பழைய போர்க்கையே வெட்டி ஒட்டிவிடலாம். இரும்பை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒரு பக்கம் மட்டும் பூட்டினால், பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது அச்சு வளைந்துவிடும்.

இழுக்கும் தடியைச் சீற்றுக்குக் கீழே பூட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. உயரத்தில் பூட்டினால், பிறேக் பிடிக்கும்போது பெட்டி முன்னே தள்ளிப் பின் சில்லைத் தூக்கப் பார்க்கும். பின் அச்சுக்குப் பக்கத்தில், செயின் இல்லாத இடது பக்கம் பூட்டுவதே நல்லது. பூட்டுமிடம் மேலும் கீழும் அசைய வேண்டும், இரு பக்கமும் திரும்ப வேண்டும், முறுகவும் வேண்டும். தண்ணீர் இறைக்கும் மெசினின் தடித்த றப்பர் குழாயில் ஒரு துண்டை வெட்டி, இரு முனையிலும் போல்ட் போட்டால் இந்த மூன்றும் சரி. றப்பர் அறுந்தாலும் பெட்டி தனியாக ஓடாமலிருக்கச் சங்கிலித் துண்டு ஒன்றும் கட்டுங்கள். பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னே வையுங்கள். பின்னுக்கு ஏற்றினால் வேகத்தில் பெட்டி பாம்பு மாதிரி நெளியும்.

எல்லா இடத்துக்கும் இது சரிவராது. பெட்டிக்குத் தனிப் பிறேக் இல்லை, சைக்கிளின் பிறேக்கே இரண்டையும் நிறுத்த வேண்டும். அதனால் டிப்பர் ஓடும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் ஓரமாக, மெதுவாகத்தான் போக வேண்டும். பின்னால் சிவப்பு ஒளி தெறிப்பான் இல்லாமல் இருட்டில் எடுக்கவே கூடாது. கார்த்திகை, மார்கழியில் கிரவல் பாதை சேறானால் மெல்லிய ரயர் புதையும். அப்போது லான்ட்மாஸ்டர் என்ற இரு சில்லு உழவு இயந்திரம்தான்.

வன்னிக்குச் சைக்கிளின் அருமையைச் சொல்லித் தரத் தேவையில்லை. 1995 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் வீட்டுச் சாமானையே சைக்கிளில் கட்டி உருட்டி வந்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் நெல் மூட்டை, விறகு, சில வேளை நோயாளி, எல்லாம் சைக்கிளில்தான். 2009 இல் முள்ளிவாய்க்காலில் விட்டு வந்தவை குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்ததையும் பார்த்தோம். 2022 இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் பெற்றோல் தந்தபோது, மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்தெடுக்காத வீடு இல்லை. பெற்றோல் தாராளமாக வந்ததும் அவை மறுபடி தராசில் ஏறுகின்றன. எனக்கு அது மனவருத்தமாக இருக்கிறது. தனியாக நின்று குடும்பத்தைப் பார்க்கும் பெண்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். லான்ட்மாஸ்டரும் ஓட்டோவும் அவர்களுக்கு எட்டாத விலை. இந்தப் பெட்டி எட்டும்.

ஒரு குறை இருக்கிறது. எத்தனை கிலோ ஏற்றலாம், எந்தத் தடிப்புக் குழாய் தாங்கும், மெல்லிய சைக்கிள் குழாயை ஓட்டை விழாமல் எப்படி ஒட்டுவது என்பதெல்லாம் இப்போது அவரவர் கைப்பழக்கம்தான். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே இடத்தில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் இதை ஒரு செய்முறைப் பாடமாக எடுத்து, பாரம் ஏற்றிச் சோதித்து, அளவுகளோடு ஒரு வரைபடம் போட்டுத் தர வேண்டும் என்று பணிவாகக் கேட்கிறேன். அது வந்தால் உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கம் ஒதுக்கிப் போடுங்கள், ஐயா. எங்கள் ஊர் வெல்டிங் கடையில் ஒட்டிவைக்க நானே வெட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயப் பெண்,
விசுவமடு.